ஏவிஎம் சரவணன், குமாரி கமலா, காரைக்குடி மணி, மனோரமா ஆச்சி: நம் வீட்டு நினைவுகளை இங்கே எழுதுங்கள்

செக்காலை ரோட்டுக்காரன்

நம் பக்கம் ஒரு வீட்டில் சாவு என்றால் கேதம் கேட்கப் போகிறோம். முகப்பில் உட்கார்ந்து, போனவர் கடைசியாக யாரைத் தேடினார், என்ன சாப்பிட்டார் என்று விசாரித்து, அப்புறம் மெல்ல அவருடைய பழைய கதைகளுக்கு வருவோம். ஒரு நடிகரோ பாட்டுக்காரரோ போய்விட்டால் அப்படிப் போய் உட்கார நமக்கு ஒரு முகப்பு இல்லை. டிவியில் பார்க்கிறோம், மனசு கனக்கிறது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2025 டிசம்பர் 4 அன்று படத் தயாரிப்பாளர் ஏவிஎம் சரவணன் போய்விட்டார். வயது 86. அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில், நடனக் கலைஞர் குமாரி கமலா அமெரிக்காவில் காலமானார். இந்த இரண்டு செய்திகளையும் யாரும் சேர்த்துப் பேசவில்லை. எனக்கு இரண்டும் ஒரே வீட்டுத் துக்கமாகத்தான் பட்டது. காரணம் எங்கள் ஐயா.

யுத்த காலத்தில் சரவணனின் அப்பா மெய்யப்ப செட்டியார் சென்னையில் தொழில் செய்ய முடியாமல் நம் காரைக்குடிக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார் அல்லவா? ஐயா அப்போது சின்னப் பையன். அந்த ஸ்டுடியோவுக்குப் பால் ஊற்றிய வீட்டில் கூடமாட வேலை செய்தார். ‘நாம் இருவர்’ படம் அங்கேதான் எடுத்தார்கள். பட்டம்மாள் குரலில் பாரதியின் விடுதலைப் பாட்டு, அதற்குக் கமலா ஆடினார். படம் 1947 ஜனவரியில் வந்தது. சுதந்திரம் வந்தது ஆகஸ்டில். ஏழு மாதத்துக்கு முன்பே விடுதலை வந்துவிட்டதாக நம் ரஸ்தாவில் ஒரு சின்னப் பெண் ஆடிவிட்டாள் என்று ஐயா சொல்லுவார். அந்த ஆட்டத்தை அவர் நேரில் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பாட்டை மட்டும் கேட்டிருக்கிறார், திரும்பத் திரும்ப, ஒரே அடியை. சாகும்வரை அந்த ஒரு அடிதான் அவருக்கு முழுதாகத் தெரியும்.

பெரிய கட்டுரை வேண்டாம். செய்தியில் வராததை எழுதுங்கள். அந்தக் கலைஞர் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார், எங்கே உட்கார்ந்திருந்தார், அது போதும்.

பள்ளத்தூர்ப் பேத்தி

மனோரமா ஆச்சி போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. 2015 அக்டோபர் 10, இரவு. ‘சமீபத்தில்’ என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எங்கள் ஊரில் அது இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோபிசாந்தா என்ற சிறுமி அம்மாவோடு பள்ளத்தூருக்கு வந்து வறுமையில் வளர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. நாடக மேடையில் அவருக்குப் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்றே பெயர். எங்கள் அப்பத்தாவுக்கு அந்தப் பெயர்தான் கடைசிவரை. டிவியில் ஆச்சி வந்தால், “பாப்பா வந்துருச்சு, சத்தத்தைக் கூட்டு” என்பார்கள். அப்போது ஆச்சிக்கே அறுபது வயது இருக்கும்.

அப்பத்தா சினிமாவுக்குப் போனது வாழ்நாளில் பத்துத் தடவைகூட இருக்காது. ஆனால் ‘தில்லானா மோகனாம்பாள்’ மட்டும் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள். எதற்கு என்றால் ஜில் ஜில் ரமாமணிக்காக. அந்த வேஷத்தை எல்லோரும் சிரிப்பு வேஷம் என்கிறார்கள். அப்பத்தா சிரிக்கவில்லையாம். ஊர் ஊராக நாடகம் போடும் பொம்பளை எப்படிப் பேசி, எப்படிச் சமாளித்து, எப்படித் தன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு நிற்பாளோ, அதெல்லாம் அப்படியே இருக்கு என்பார்கள். மேடையில் பிழைத்த ஒருத்தி, மேடையில் பிழைக்கிற ஒருத்தியை நடித்தாள். எனக்கு இது புரிய நாற்பது வயது ஆனது. இப்போது அந்தப் படம் போட்டால் நானும் சிரிப்பதில்லை.

ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தார், கின்னஸில் பெயர் வந்தது, 2002-இல் பத்மஸ்ரீ, அதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது ‘ஆச்சி’ என்ற சொல்லைப் பற்றி. அது நம் வீட்டுச் சொல். அக்காவைச் சொல்லுவோம், பெரியவர்களை மரியாதையாகச் சொல்லுவோம். கன்னியாகுமரியில் இருக்கிறவரும் கோயம்புத்தூரில் இருக்கிறவரும் ஒரு நடிகையை நம் வீட்டுச் சொல்லால் கூப்பிட்டார்கள். நம் ஊர்ப் பலகாரம் எத்தனை நாட்டுக்குப் போனாலும் எனக்கு இந்தப் பெருமை வராது.

மன்னை வாசகி

பேத்தி, படித்துவிட்டுக் கண் கலங்கியது. ஆனால் ஒன்றைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆச்சி பிறந்தது எங்கள் மன்னார்குடி. ராஜமன்னார்குடி, 1937. பிறந்த ஊரை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

2025 மே மாதம் நடிகர் ராஜேஷ் சார் இறந்தபோதும் இப்படித்தான் எனக்கு ஆதங்கமாக இருந்தது. அவரும் மன்னார்குடிக்காரர். நடிக்க வருவதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘கன்னிப் பருவத்திலே’ பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்று அம்மா சொல்லுவார். இங்கே அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

பள்ளத்தூர்ப் பேத்தி

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, விட்டது தப்புதான். பிறந்த வீடு உங்களுடையது, வளர்ந்த வீடு எங்களுடையது. நம் பக்கத்தில் பெண்ணுக்கு இரண்டு வீடும் உண்டு, இரண்டு பக்கமும் முறை செய்யவேண்டும். ராஜேஷ் சார் பற்றி நீங்களே இன்னும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

தொப்பியும் வலந்தலையும்

சினிமாவைத் தாண்டி ஒருவரைச் சொல்லவேண்டும். 2023 மே 4 அன்று போன மிருதங்க வித்வான் காரைக்குடி மணி.

பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நூறு பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்லுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. 1945-இல் இங்கே பிறந்தவர். ரங்கு அய்யங்காரிடம் இங்கேயே மிருதங்கம் தொடங்கி, பிறகு சென்னை போய் ஹரிஹர சர்மாவிடம் கற்றுக்கொண்டார். பதினெட்டு வயதில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையால் தேசிய விருது. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. ஜெயராமன், மதுரை சோமு என்று அவர் பக்கவாத்தியம் வாசிக்காத பெரியவர்கள் குறைவு.

நான் மிருதங்கம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டு விட்டவன். வாசிக்க வரவில்லை, கேட்க வந்தது. அதனால் அவரிடம் என்ன விசேஷம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்லுகிறேன். மிருதங்கத்தில் இடது பக்கம் தொப்பி. அதில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், அந்தக் கனத்தில்தான் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி வரும். வலது பக்கம் வலந்தலை, அதில் கருப்பாக மருந்து இட்டிருக்கும், அங்கேதான் சுருதி. பல பேர் வாசிப்பில் இந்த இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். தாளக் கணக்கு பெரிதாக ஆக நாதம் சின்னதாகும். மணி சாரிடம் எவ்வளவு சிக்கலான கோர்வை வந்தாலும் ஒவ்வொரு சொல்லும் சுருதியோடு விழும். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி என்றால் காபி குடிக்க எழுந்து போகிற வழக்கம் இருந்தது அல்லவா? அவர் தனிக்கு யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. கஞ்சிராவில் ஹரிசங்கர் பக்கத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஹரிசங்கர் 2002-இலேயே போய்விட்டார். அந்த ஜோடியின் பழைய கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது, நாடா நைந்துவிட்டது, இன்னும் வைத்திருக்கிறேன்.

பாட்டு இல்லாமல் லயத்தை மட்டுமே வைத்து ‘ஸ்ருதி லயா’ என்று ஒரு குழு அமைத்தார். ஆஸ்திரேலிய ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். அவர் போன அன்று காரைக்குடியில் ஒரு சுவரொட்டிகூட நான் பார்க்கவில்லை. அரசியல்வாதியின் அத்தை மகனுக்கு ஒட்டுகிற ஊர் இது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கண்டனூர்க்காரன்

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். வீணையில் காரைக்குடி சகோதரர்கள் என்றால் உலகமே அறியும். அவர்கள் பெயரும் இன்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

என் பங்குக்கு டி.எம்.எஸ். 2013 மே 25.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களுக்குத் தெரியும். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகும் வழியில் காலில் கொப்புளம் உடைந்து எரியும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும், பனி. ஏதோ ஒரு ஊரில் டீக்கடையிலோ அன்னதானப் பந்தலிலோ ஒலிபெருக்கி கட்டி அவருடைய முருகன் பாட்டைப் போட்டிருப்பார்கள். தூரத்தில் கேட்கும்போதே கால் தானாக அந்தப் பக்கம் போகும். நான் 19 வருஷம் நடந்திருக்கிறேன். அவர் இறந்த பிறகு வந்த தைப்பூசத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்தப் பாட்டு கேட்டதும் காவடியை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். “போ அப்பச்சி” என்று அவர் மகன் மெதுவாகச் சொன்னான். பாட்டு முடிந்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.

பெனாங் பாலம் தாண்டி

நான் தேவகோட்டை, இப்போது இருப்பது மலேசியா. எங்கள் வீட்டில் அகில இந்திய வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாக எடுக்கும். கடல் பக்கம் என்பதால் என்று அப்பச்சி சொல்லுவார். வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் ஆத்தா வற்றல் காயப்போட்டுக்கொண்டே கேட்பார்கள். வாணி ஜெயராம் பாட்டு வந்தால் கை நின்றுவிடும். சுசீலாவுக்கும் ஜானகிக்கும் நிற்காத கை இதற்கு மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறேன். “அந்தப் புள்ள எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு கவனிக்க வேணாமா?” என்பார்கள்.

2023 ஜனவரியில் வாணி அம்மாவுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4 அன்று போய்விட்டார். அந்த விருதைக் கையில் வாங்கவில்லை. மூன்று முறை தேசிய விருது பெற்றவர், வேலூரில் பிறந்து எத்தனை மொழியில் பாடினார்! ஆத்தாவுக்கு நான் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “இனிமே யாரு வந்து கைய நிறுத்துவா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

ரஸ்தா வாசி

இழை நன்றாகப் போகிறது. இடையில் ஒரு வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன், யாரும் தப்பாக நினைக்கவேண்டாம்.

இப்போது ஒரு மூத்த கலைஞர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலே போதும், ஒரு மணி நேரத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நகைச்சுவை நடிகர் பற்றி அப்படி ஒன்று வந்தது. எனக்கு அவர் மேல் உயிர். உடனே எங்கள் பங்காளிகள் குழுவில் போட்டேன், 140 பேர் இருக்கிற குழு. அவருக்கு ஒன்றுமில்லை, வீட்டில் நன்றாக இருக்கிறார் என்று மாலையில் தெரிந்தது. அதற்குள் என் பதிவு எத்தனை கை மாறியதோ.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது யாராவது அதைக் காட்டியிருந்தால்? நம் ஊரில் உயிரோடு இருக்கிறவருக்குச் சங்கு ஊதினால் சும்மா விடுவார்களா? அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். குடும்பத்தாரோ, அவர் இருந்த சங்கமோ சொன்னால் ஒழியப் பகிர்வதில்லை. உடம்பு முடியாமல் இருக்கிறார் என்ற செய்தியையும் பகிர்வதில்லை. நாம் அனுப்பும் பிரார்த்தனை அவருக்குப் போய்ச் சேராது, நம் ஆர்வம்தான் ஆஸ்பத்திரி வாசலில் கேமராவாக நிற்கிறது.

செக்காலை ரோட்டுக்காரன்

ரஸ்தா தம்பி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இந்த இழையில் உறுதியான செய்தி மட்டும் போதும். உடல்நலம் பற்றி யூகம் வேண்டாம்.

தேவகோட்டை டிரைவர்

விஜயகாந்த் அண்ணன். 2023 டிசம்பர் 28. நான் அன்று லோடு ஏற்றிக்கொண்டு திருச்சி பைபாஸில். வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு முன்னால் நாலு லாரி ஏற்கனவே ஓரம் கட்டியிருந்தது. படப்பிடிப்பில் தான் சாப்பிடுவதைத்தான் லைட் தூக்குகிறவனும் சாப்பிடவேண்டும் என்று நின்றவர். வேறு எழுதத் தெரியவில்லை.

கோட்டையூர் ஆசிரியை

டிரைவர் அண்ணன் எழுதியதற்கு மேல் யார் என்ன எழுதுவது.

நான் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கண்ணதாசன் மணிமண்டபத்துக்கு ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். அவர் பிறந்த சிறுகூடற்பட்டி என்று சொன்னால் தெரிகிறது. அவருடைய அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம் யார் என்று கேட்டால் தெரியவில்லை. 2016 ஆகஸ்ட் 9 அன்று போனார். 1976-இல் ‘அன்னக்கிளி’க்கு இளையராஜாவைக் கொண்டுவந்தவர். இளையராஜா பாட்டு கேட்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை, அந்தக் கதவைத் திறந்தவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்த பிள்ளையும் இல்லை.

ஒருநாள் கரும்பலகையில் மூன்று பெயர் எழுதினேன். தயாரிப்பு ஏவிஎம், இயக்கம் எஸ்.பி. முத்துராமன், எழுத்து பஞ்சு அருணாசலம். ‘முரட்டுக்காளை’, 1980. இந்த மூன்று பேருக்கும் பொதுவாக என்ன என்று கேட்டேன். ரஜினி என்று கத்தினார்கள். இல்லை, மூன்று பேருக்கும் நம் காரைக்குடி மண் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், “அப்ப நாமளும் எழுதலாமா டீச்சர்?” என்றான். அவன் இப்போது கதை எழுதுகிறான், எழுத்துப்பிழையோடு, நாலு நோட்டு நிறைய.

சரவணன் சார் பற்றி ஒன்று. வெள்ளை உடையும் முன்னால் கட்டிய கையும் எல்லோருக்கும் தெரியும். அப்பாவிடமிருந்து கொட்டகையைப் பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு, அதை அத்தனை வருஷம் காத்தவர்கள் கொஞ்சம். பாரதி பாட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்தும், காசு வாங்காமல் அரசுக்கு விட்டுக்கொடுத்தவர் மெய்யப்ப செட்டியார். என் பிள்ளைகள் பாரதியை யாரிடமும் கேட்காமல் மேடையில் பாடுகிறார்கள் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

தொப்பியும் வலந்தலையும்

ஆசிரியை அம்மா, அடுத்த முறை கரும்பலகையில் மணி சார் பெயரையும் எழுதுங்கள். கேசட்டை யாராவது கணினியில் மாற்றித் தர முடிந்தால் உங்கள் பள்ளிக்கே கொடுக்கிறேன்.

பெனாங் பாலம் தாண்டி

அண்ணே, பத்திரமாக வைத்திருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டாம், வெயிலும் காந்தமும் படக்கூடாது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது என் டெக்கைக் கொண்டுவருகிறேன். நைந்த நாடாவை ஒரு முறைதான் ஓட்டவேண்டும், அந்த ஒரு முறையிலேயே பதிவு செய்துவிடவேண்டும்.

கண்டனூர்க்காரன்

எல்லாவற்றையும் படித்துவிட்டு இரண்டு நாளாக ஒன்று மனசை அரிக்கிறது. நாம் பேசுவதெல்லாம் போனவர்களைப் பற்றி. எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் ஒரு ஆர்மோனியக்காரர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பங்குனி, சித்திரை வந்தால் வள்ளி திருமணம் நாடகத்துக்குப் பின்பாட்டு அவர்தான், ஐம்பது வருஷம். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு சுருதியில் எடுத்து, ஸ்திரிபார்ட் என்கிற கதாநாயகி வேறு சுருதியில் எடுத்தாலும் நொடியில் கட்டை மாற்றிப் பிடிப்பார். கோமாளி வேஷம் போடும் பபூன் தடுமாறினால் இவரே ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பதில் பாட்டுப் பாடிவிடுவார். விடியும்வரை அவர் விரல் நின்று நான் பார்த்ததில்லை.

இப்போது படுத்த படுக்கை இல்லை, ஆனால் நடமாட்டம் குறைந்துவிட்டது. பெயரை இங்கே எழுதவில்லை, வீட்டாரைக் கேட்காமல் எழுதக்கூடாது. அவர் பாடியதில் ஒரு நிமிடம்கூட யாரிடமும் பதிவு இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டை அவர் எப்படிப் பாடுவார், எங்கே சொந்தமாக ஒரு வரி சேர்ப்பார் என்பது அவர் விரலில் மட்டும் இருக்கிறது.

செக்காலை ரோட்டுக்காரன்

இதை எழுதிவிட்டு எப்படி அண்ணே இரண்டு நாள் சும்மா இருந்தீர்கள்? என்னிடம் நல்ல மைக் இருக்கிறது. வீட்டாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், எந்த நாளானாலும் வருகிறேன்.

பள்ளத்தூர்ப் பேத்தி

நானும் வருகிறேன். பழைய பாட்டுப் புத்தகம் அப்பத்தா பெட்டியில் இருக்கிறது, அட்டை போய்விட்டது, பாட்டெல்லாம் இருக்கிறது. அவருக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கலாம். பெரியவரைச் சிரமப்படுத்தக்கூடாது, அரை மணி நேரம் போதும் என்றால் அரை மணி நேரம்.

கண்டனூர்க்காரன்

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். மருமகள் சம்மதம் சொல்லிவிட்டார்கள், பெரியவர் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். “மிருதங்கம் யாரு?” ஆள் இல்லை என்றேன். மிருதங்கம் இல்லாமல் பெட்டியைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

தொப்பி அண்ணே, மூன்று வருஷம் கற்றுக்கொண்டேன் என்றீர்களே.

தொப்பியும் வலந்தலையும்

முப்பது வருஷமாக நான் தொடவில்லை. பரணில் இருக்கிறது. வார் தளர்ந்திருக்கும், இறுக்கித் தர மதுரையில் ஒருவரைத் தெரியும். ஆதி தாளம் ஒப்பேற்றுவேன், அவ்வளவுதான் முடியும். அது போதும் என்று பெரியவர் சொன்னால் வருகிறேன்.

கண்டனூர்க்காரன்

கேட்டுவிட்டேன். போதுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ரவை அங்கேயே இருக்கிறது, கொண்டுவரவேண்டாம் என்று மருமகள் சொல்லச் சொன்னார்கள்.